விமானத்துக்குள் ஏறிய பேட்டரி



சில நாள்களுக்கு முன் எங்கள் பள்ளித் திடலுக்கு மேலே ஒரு சிறு விமானம் தாழ்வாகப் பறந்து ஈப்போ பக்கம் போயிற்று. பிள்ளைகள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, எங்கப்பா வேன் இன்னிக்குக் காலையில கிளம்பவே இல்ல. பேட்டரி செத்துப் போச்சாம். மேல போற அந்தப் பிளேன்ல பேட்டரி செத்துப் போனா கீழ விழுந்துடுமா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நல்ல கேள்வி. அதற்குச் சரியான விடை சொல்ல வேண்டுமானால் இருநூறு ஆண்டு வரலாற்றைச் சொல்ல வேண்டும். அந்த வரலாற்றில் நம்முடைய பேராக் மாநிலத்துக்கும், பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமாருக்கும் ஓர் இடம் உண்டு. ஆகவே அந்தக் கேள்வியையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் பேட்டரி என்பது என்ன என்று பார்ப்போம். நூல்களில் அதை மின்கலம் என்று எழுதுகிறோம். 1800ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்டா துத்தநாகத் தகடுகளையும் செப்புத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கினார். இடையிடையே உப்பு நீரில் நனைத்த துணியை வைத்தார். அந்த அடுக்கிலிருந்து மின்சாரம் தொடர்ந்து வந்தது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. உள்ளே இருக்கும் பொருள் தீர்ந்தால் மின்சாரமும் தீர்ந்துவிடும்.

அந்தக் குறையைப் போக்கியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்டோன் பிளாந்தே. 1859இல் அவர் காரீயத் தகடுகளை நீர் கலந்த கந்தக ஆசிட்டில் வைத்து, தீர்ந்த மின்சாரத்தை மீண்டும் ஏற்றக்கூடிய பேட்டரியைச் செய்தார். இன்றும் காரில், லாரியில், பெரும்பாலான சிறு விமானங்களில் இருப்பது அதன் வழிவந்த பேட்டரிதான். மின்சாரம் எடுக்க எடுக்கத் தகடுகளின் மேல் காரீய சல்பேட் என்னும் வெள்ளைப் பொருள் படியும். ஆசிட்டின் காரமும் குறையும். மின்சாரத்தைத் திருப்பி ஏற்றினால் அந்தப் படிவு கரைந்து, ஆசிட் பழைய காரத்தை அடையும். இப்படி ஓர் அறை ஏறக்குறைய 2 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட். பன்னிரண்டு அறைகள் சேர்ந்தால் 24 வோல்ட்.

இனி வானத்துக்குப் போவோம். 1884ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், பாரிஸ் நகருக்கு அருகே ரெனார், கிரெப்ஸ் என்னும் இரண்டு பிரெஞ்சுப் படை அதிகாரிகள் 'லா பிரான்ஸ்' என்ற ஆகாயக் கப்பலில் ஏறினார்கள். அது வாயு நிரப்பிய நீண்ட பலூன். அதை ஓட்டியது பேட்டரியில் சுழன்ற மின் மோட்டார். 23 நிமிடங்களில் 8 கிலோமீட்டர் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து இறங்கினார்கள். ஆக, வானத்தில் மனிதன் நினைத்த பக்கம் திரும்பிக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர முதலில் உதவியது பேட்டரியே. ஆனால் பேட்டரி மிகவும் கனம். கனமான பொருளைச் சுமந்துகொண்டு வெகு தூரம் பறக்க இயலாது. பெட்ரோல் எஞ்சின் வந்ததும் பேட்டரி பின்தங்கிப் போயிற்று.

அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் முதன்முதலில் விமானத்தில் பறந்தார்கள். அவர்கள் பேட்டரியைக் கையாண்ட விதம் வேடிக்கையானது. எஞ்சினைக் கிளப்பும்போது முதல் தீப்பொறிக்காக நான்கு பேட்டரிகளைப் பயன்படுத்தினார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பறந்தார்கள்! அப்படியானால் பறக்கும்போது தீப்பொறி எங்கிருந்து வந்தது? 'மாக்னெட்டோ' என்னும் கருவியிலிருந்து வந்தது. அது காந்தத்தைக் கொண்டது. எஞ்சின் சுழலும்போது தானும் சுழன்று மின்சாரம் தருவது. பேட்டரியின் தயவு அதற்குத் தேவையில்லை. பெட்ரோலில் ஓடும் சிறு விமானங்களில் பெரும்பாலானவை இன்றும் மாக்னெட்டோ பூட்டியவை. அதுவும் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருப்பார்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று எஞ்சினை ஓட்டும்.

நம் மாணவனின் கேள்விக்கு முதற்பாதி விடை இதில் கிடைத்துவிட்டது. அத்தகைய விமானத்தில் பேட்டரி செத்தாலும் எஞ்சின் நிற்காது; விமானம் விழாது. ஆனால் மறுபாதி விடையும் இருக்கிறது.

1930களில் நம் நாட்டில் விமானப் பயிற்சிக் கழகங்கள் இயங்கின. சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய இடங்களைப் போல நம் பேராக்கிலும் ஒரு கழகம் இருந்தது. அந்நாளில் 'மோத்' வகை விமானங்களே கழகங்களுக்கு ஏற்றவையாக இருந்தன. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடியவை அவை. விமானி உள்ளே உட்கார்ந்துகொள்வார். மற்றொருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுழற்றிவிட்டு உடனே பின்வாங்குவார். கொஞ்சம் கால் தவறினாலும் ஆபத்துதான். பகலில் மட்டும் பறந்தார்கள்; ரயில் தண்டவாளத்தையும் ஆற்றையும் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். பேட்டரிக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

பயணிகளை ஏற்றத் தொடங்கியதும் நிலைமை மாறிற்று. 1937இல் வேர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு நகரங்களுக்கிடையே விமானச் சேவையைத் தொடங்கியது. போருக்குப் பின், 1947ஆம் ஆண்டு மே மாதம் மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தின் 'கான்சல்' விமானங்கள் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குக்கு முறையாகப் பறக்கத் தொடங்கின. இரண்டு எஞ்சின் இருந்தாலும் அந்த விமானத்தில் ஐந்து பயணிகள்தான் ஏறலாம். நேரம் தவறாமல் பறக்க வேண்டுமானால் நிலையத்தோடு பேச வானொலிக் கருவி வேண்டும்; விளக்கு வேண்டும்; பொத்தானை அழுத்தியதும் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். ரைட் சகோதரர்கள் தரையில் விட்டுச் சென்ற பேட்டரி இப்படித்தான் மெல்ல மெல்ல விமானத்துக்குள் ஏறியது.

நேயர்களே, இப்போது அந்தப் பேட்டரிப் பெட்டியையே சற்று உற்றுப் பார்ப்போம். கந்தக ஆசிட் இரும்பை அரிக்கும், மரத்தைக் கருக்கும். அதை அடைத்து வைக்க எந்தப் பெட்டி தாங்கும்? விடை ரப்பர்! அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839இல் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் ரப்பர் கல்லைப் போல் கெட்டியாகிவிடும். அதற்கு 'எபோனைட்' என்று பெயர். ஆசிட் அதை ஒன்றும் செய்யாது. மின்சாரமும் அதன் வழியே பாயாது. ஆகவே 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் கார் பேட்டரிகளின் பெட்டிகளையும் விமான பேட்டரிகளின் அறைகளையும் கெட்டி ரப்பரால் செய்தார்கள். தகடுகள் ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவில் வைக்கும் தடுப்புகளையும் ரப்பரில் செய்ததுண்டு.

அந்த ரப்பர் எங்கிருந்து போயிற்று? 1877இல் ஒன்பது ரப்பர் கன்றுகள் நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்த முதல் மரங்களில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. பிறகு காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ரப்பரையும் ஈயத்தையும் உலகிலேயே மிகுதியாக அனுப்பிய நாடு மலாயா. அந்த ஈயத்தில் பெரும்பகுதி நம் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டப்பட்டது. கிந்தா மக்கள் ஈயம் என்று சொல்வது வெள்ளீயம். பேட்டரித் தகட்டில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு உலோகங்கள் என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் வெள்ளீயத்துக்கும் இங்கே வேலை இருந்தது. காரீயத்தையும் வெள்ளீயத்தையும் கலந்த பற்றாசை கொண்டே வானொலிக் கருவியின் கம்பிகளை இணைத்தார்கள். எஞ்சின்களின் பேரிங்குகளுக்கும் வெள்ளீயக் கலவை பூசப்பட்டது. பிற்காலத்துப் பேட்டரித் தகடுகளிலேயே சிறிதளவு வெள்ளீயம் கலக்கிறார்கள்.

எந்தத் தோட்டத்துப் பால் எந்தப் பேட்டரிக்குப் போயிற்று என்று எவராலும் சொல்ல இயலாது. ஆயினும் விமான வரலாற்றை எழுதும்போது பறந்தவர்களின் பெயர்களை மட்டும் எழுதுகிறோம். அவர்களுக்குப் பின்னால் இருந்த பெட்டிக்குப் பால் கொடுத்தவர்களின் பெயர்கள் செக்ரோல் புத்தகத்தோடு நின்றுபோயின. அதை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை நீடித்தது. அக்காலத்தில் 'ஆஸ்டர்' என்னும் ஒற்றை எஞ்சின் சிறு விமானங்கள் காட்டுக்கு மேலே சுற்றி வேவு பார்த்தன. வானத்திலிருந்து துண்டுத்தாள்கள் விழுந்தன. சில விமானங்களில் ஒலிபெருக்கி கட்டி, சரணடையுமாறு வானத்திலிருந்தே பேசினார்கள். அதே காலத்தில் தோட்டங்களிலும் புதுக் கிராமங்களிலும் எல்லாரும் கூடிக் கேட்பதற்காக அரசாங்கம் வானொலிப் பெட்டிகளை வைத்தது. மின்சாரம் எட்டாத இடத்தில் அவை பேட்டரியால் பேசின. ஆகவே, தோட்டத்து மக்களுக்கு வானொலியையும் பேட்டரியையும் ஒன்றாகத்தான் தெரியும்.

என் சிறு வயதில் எங்கள் லயத்தில் கார் பேட்டரியில்தான் தொலைக்காட்சி ஓடியது. தமிழ்ப்படம் வரும் நாளில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரு முறை படம் பாதியில் இருக்கும்போது திரை சுருங்கிச் சுருங்கி அணைந்தது. பேட்டரியைச் சைக்கிளில் கட்டிச் சென்று பட்டணத்தில் காட்டினோம். மூடியைத் திறந்து பார்த்த கடைக்காரர், "தண்ணி வத்தி எத்தனை நாளாச்சு?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை. எங்களுக்குப் போனது அரைப் படம். விமானிக்கு அப்படி நேர்ந்தால் போவது என்ன?

இதுதான் அந்த மாணவனின் கேள்விக்கு மறுபாதி விடை. மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வானத்தில் பழுதாகிவிட்டால் எஞ்சின் ஓடும். ஆனால் வானொலியும் விளக்கும் பேட்டரியை மட்டுமே நம்பியிருக்கும். நல்ல பேட்டரி ஏறக்குறைய அரைமணி நேரம் தாங்கினால் விமானி ஒரு நிலையத்தோடு பேசி இறங்கிவிடலாம். அதுவும் தீர்ந்தால் அவர் வாயற்றவராகிவிடுவார். அந்நிலையில் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விளக்கொளி காட்டுவார்கள். அசையாத பச்சை ஒளி காட்டினால் இறங்கலாம். அசையாத சிவப்பு ஒளி காட்டினால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பகலில் இது போதும். இருட்டிலும் மழை மேகத்திலும் என்ன செய்வது? அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் விமானப் பேட்டரியை அத்தனை கவனமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? முதலில் வோல்ட். செஸ்னா 172 என்னும் நான்கு பேர் அமரும் விமானம் 1956இல் விற்பனைக்கு வந்தபோது 12 வோல்ட் பேட்டரி கொண்டிருந்தது. 1970களின் இறுதியில் 24 வோல்ட்டுக்கு மாறியது. வோல்ட் இருமடங்கானால் அதே வேலைக்குப் பாதி மின்னோட்டம் போதும். கம்பியும் மெலிதாக, கனமில்லாமல் இருக்கலாம். அடுத்தது கொள்ளளவு. அதை ஆம்பியர்-மணி என்ற அளவால் குறிப்பார்கள். மூன்றாவது, எஞ்சினைச் சுழற்ற ஒரே வீச்சில் தரக்கூடிய சக்தி. நான்காவது கனம். ஐந்தாவதாக, அந்த விமானத்துக்கு அந்தப் பேட்டரி அங்கீகரிக்கப்பட்டதா என்பது. கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் பேட்டரியைக் கொண்டுபோய்ப் பூட்ட விமானச் சட்டம் இடம் தராது. காரணம் இருக்கிறது. விமானம் சாயும், குலுங்கும். பழைய விமானப் பேட்டரியின் ஒவ்வொரு மூடிக்குள்ளும் சிறு காரீயக் குண்டு ஒன்று உண்டு; பேட்டரி கவிழ்ந்தால் அது சரிந்து துளையை அடைத்து ஆசிட் சிந்தாமல் காக்கும். கார் பேட்டரியில் அந்தக் குண்டு ஏது?

இனிப் பராமரிப்பு. இதில் தோட்டத்தாருக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியது குறைவு. மரத்தை ஆழமாக வெட்டினால் பட்டை காயம்பட்டுப் பின்னால் பால் குறையும் அல்லவா? பேட்டரியும் அப்படியே. அடிமட்டம் வரை தீரவிட்டு அப்படியே போட்டுவைத்தால் தகட்டில் படிந்த சல்பேட் இறுகிப்போய்விடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. விமானப் பேட்டரிகள் பல, மெயின் சுவிட்சை அணைக்க மறந்ததாலேயே சாகின்றன. பறக்காமல் நிற்கும் விமானத்தின் பேட்டரி சும்மா இருந்தாலும் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். நம் நாட்டு வெப்பம் அந்தத் தேய்மானத்தை விரைவாக்கும்.

மூடி திறக்கும் வகையானால் நீர்மட்டம் பார்த்துக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். குழாய் நீரும் ஆற்று நீரும் ஆகா. ஆசிட்டின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்தால் ஒவ்வோர் அறையின் நலமும் தெரியும். கழற்றும்போது எதிர்மின் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். மின்சாரம் ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகே சுருட்டும் தீக்குச்சியும் கூடாது. ஆசிட்டைக் கலக்க நேர்ந்தால் தண்ணீரில் ஆசிட்டை மெல்ல ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பால் ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு ஆசிட்டின் குணம் தெரியும்.

விமானப் பேட்டரிக்குத் தேர்வும் உண்டு. முழுதாக ஏற்றிய பேட்டரியை, ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும் அளவு மின்சாரம் எடுத்துச் சோதிப்பார்கள். 60 நிமிடத்தில் 80 விழுக்காடாகிய 48 நிமிடமாவது அது தாங்க வேண்டும். தாங்காவிட்டால், எஞ்சினை நன்றாகவே கிளப்பினாலும், அந்தப் பேட்டரி விமானத்துக்கு ஆகாது. பிறகு செய்த வேலையை நாளும் கையெழுத்தும் இட்டு ஏட்டில் பதிவார்கள். செக்ரோலில் ஏறாத நாளுக்குச் சம்பளம் இல்லை. விமான ஏட்டில் ஏறாத வேலை, செய்யாத வேலை.

காலம் மாறியது. 1960, 70களில் எபோனைட்டின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. 1980களில் ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சவைத்த, மூடி திறவாத விமானப் பேட்டரிகள் வந்தன. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்து, கிந்தாவின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மிகவும் இலேசான லித்தியம் பேட்டரியும் வந்தது. ஆனால் 2013 ஜனவரியில் போயிங் 787 என்னும் பெரிய பயணி விமானங்களில் லித்தியம் பேட்டரிகள் சூடேறிப் புகைந்ததால், அவ்வகை விமானங்கள் உலகெங்கும் பறக்காமல் நிறுத்தப்பட்டன. பேட்டரி அமைப்பைத் திருத்திய பிறகே மீண்டும் பறந்தன. 2020இல் பேட்டரியால் மட்டுமே பறக்கும் 'வேலிஸ் எலெக்ட்ரோ' என்ற இருவர் விமானத்துக்கு ஐரோப்பிய அதிகாரிகள் அங்கீகாரம் அளித்தார்கள். 1884இல் ஆகாயக் கப்பலைச் சுமந்த பேட்டரி, 136 ஆண்டு கழித்து மீண்டும் விமானத்தைச் சுமக்கிறது. அதில் மட்டும், மாணவனே, நீ கேட்டது உண்மையாகிவிடும். பேட்டரி தீர்ந்தால் எஞ்சினும் நிற்கும்; விமானி விமானத்தைச் சறுக்கவிட்டே தரையிறக்க வேண்டும். ஆகவே அங்கே பேட்டரியைக் காப்பவரின் பொறுப்பு இன்னும் பெரிது.

முடிக்குமுன் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் லயத்துப் பின்புறம் சிலர் பழைய பேட்டரியை உடைத்துக் காரீயத்தைப் பால் டின்னில் உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு வார்ப்பார்கள். நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். அந்தப் புகையும் தூளும் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு என்று அன்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இன்று நான் சொல்கிறேன்: உடைக்காதீர்கள், உருக்காதீர்கள், பழைய பேட்டரியை வாங்கும் கடையில் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

அந்த மாணவனுக்கும் ஒன்று சொன்னேன். விமானத்தை ஓட்டுவது ஒரு வேலை. அதன் பேட்டரியைச் சோதித்து, இது பறக்கலாம் என்று கையெழுத்திடுவதும் ஒரு வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானி மேலே போக முடியாது. அதற்கு அறிவியலும் கணிதமும் மொழியும் வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒழுங்கும் வேண்டும். கடைசியாகச் சொன்னது நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. மற்றவற்றைப் பள்ளியில் பெறலாம். மறுநாள் காலையில் அவன் வந்து, "ஐயா, அப்பா வேன் பேட்டரியில தண்ணி இருக்கான்னு நான் பார்த்தேன்" என்றான். நல்ல தொடக்கம்தான்.